ஆயாவின் ஆயுசு எங்களுக்கும் வருமா?

கல்மண்டபம்

எங்கள் ஆயாவுக்கு அடுத்த ஈஸ்டர் வந்தால் நூறு முடிகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அம்மாவின் அம்மா. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே இருக்கிறார். எழுபத்தெட்டு வயது வரைக்கும் காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றவர். காது கொஞ்சம் மந்தம், ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான். சர்க்கரை கிடையாது. இன்றைக்கும் வாசலில் மீன்காரம்மா வந்தால் அம்மாவை வாங்க விடமாட்டார். தானே குனிந்து கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலை முகர்ந்து, "ஐஸ்ல கெடந்தது, ரெண்டு நாள் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஆயாவின் அக்கா தொண்ணூற்றைந்தில் போனார். தம்பி தொண்ணூற்றொன்று. அவங்க வம்சமே கெட்டி என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது நைனா பக்கம். தாத்தா ஐம்பத்திரண்டில் மார்வலி வந்து போனார். பெரியப்பா நாற்பத்தொன்பது. நைனா ஐம்பத்தாறு, காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. எனக்கு நாற்பத்துநான்கு ஆகிறது, அண்ணனுக்கு நாற்பத்தேழு. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் எத்தனை வருடம் இருப்போம் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று மாமா மகன் விளம்பரம் ஒன்றை அனுப்பினான். ஆயாவின் ரத்தம் எங்களுக்குள் எவ்வளவு ஓடுகிறது, நைனாவின் ரத்தம் எவ்வளவு, எது ஜெயிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரியில் தூக்கம் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

பெரம்பூர் 29சி

ஆயாவுக்கு என் வணக்கம். எங்கள் தெருவிலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேருமே பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஜப்பானின் ஒகினாவா தீவைப் பாருங்கள், அங்கே நீண்ட ஆயுளுக்குச் சாப்பாடுதான் காரணம் என்று எத்தனை வீடியோ வந்துவிட்டது. ஜீன் எல்லாம் அப்புறம்.

காலடிப்பேட்டை

நான் கல்லூரியில் உயிரியல் பாடம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒகினாவா. அங்கே கிழவர்களும் கிழவிகளும் நிறைய இருந்தது உண்மை. ஆனால் 2000-இல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் சராசரி ஆயுளில் ஒகினாவா 26-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. மக்கள் அதே மக்கள், ரத்தம் அதே ரத்தம், ஒரு தலைமுறைக்குள் சாப்பாடும் வாழ்க்கையும் மாறிவிட்டது. ஜப்பான் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். 1963-இல் அந்த நாட்டில் நூறைத் தொட்டவர்கள் 153 பேர். 2025 செப்டம்பரில் 99,763 பேர், அதில் பத்துக்கு ஒன்பது பேர் போலப் பெண்கள். அறுபது வருடத்தில் ஒரு நாட்டின் மரபணு இப்படி மாற வழியே இல்லை. காசநோய் போனது, பக்கவாதம் குறைந்தது, உப்பு குறைந்தது, மருத்துவம் எல்லோருக்கும் கிடைத்தது.

அப்படியானால் ஜீனுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. இதை அளக்க இரட்டையர்களைப் பார்ப்பார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று, இரண்டு கருவில் வந்தவர்களுக்குச் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிப் பாதி. முதல் வகையினரின் சாவு வயது எவ்வளவு நெருக்கம், இரண்டாம் வகையினரின் சாவு வயது எவ்வளவு நெருக்கம் என்று ஒப்பிட்டால் மரபின் பங்கு தெரியும். டென்மார்க்கில் 1870-இலிருந்து 1900 வரை பிறந்த 2,872 ஜோடிகளை வைத்து 1996-இல் வந்த ஆய்வில் ஆண்களுக்கு 26 சதவீதம், பெண்களுக்கு 23 சதவீதம் என்று வந்தது. பாடப்புத்தகங்களில் "கால்பங்கு" என்று போடுவது இதிலிருந்துதான்.

இந்தக் கால்பங்கை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்களுக்கு எண்பது வயது ஆயுள் என்றால் அதில் இருபது வருடம் ஜீன் கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. ஊரில் ஒருவர் ஐம்பதில் போகிறார், இன்னொருவர் தொண்ணூறில் போகிறார், அந்த வித்தியாசம் முழுவதையும் சேர்த்து வைத்தால் அதில் கால்வாசியை மரபணு வித்தியாசத்தோடு இணைத்துச் சொல்ல முடியும், அந்த ஊரில், அந்தக் காலத்தில். ஊர் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஒரே கரு இரட்டையர்களே சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளியில்தான் இறக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

2018-இல் இதைவிடக் குறைத்துவிட்டார்கள். 40 கோடிப் பேரின் வம்ச வரலாறுகளை வைத்து அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டபோது, புருஷன் பெண்டாட்டி ஆயுள் ஒத்துப்போனது, அது எதிர்பார்த்ததுதான், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் மைத்துனன், ஓரகத்தி இவர்களின் ஆயுள்கூட ஒத்துப்போனது. ரத்த உறவும் இல்லை, ஒரே வீடும் இல்லை. வசதி, படிப்பு, பழக்கம் எல்லாம் ஒத்த இடத்தில்தான் சம்பந்தம் செய்கிறோம், அதுதான் காரணம். அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மரபின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே என்றார்கள். "வம்சம் கெட்டி" என்று நாம் சொல்வதில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு வீடு என்று பிரிப்பது அவ்வளவு கஷ்டம்.

விசைப்படகு

சார், எனக்கு ஒரு கேள்வி. எங்கள் அப்பா காசிமேட்டிலேயே பலசாலி. நங்கூரத்தை ஒற்றை ஆளாகத் தூக்குவார். நாற்பத்தொன்றாம் வயதில் சூறைக்காற்றில் படகு கவிழ்ந்து போய்விட்டார், உடல் மூன்றாம் நாள் பழவேற்காடு பக்கம் ஒதுங்கியது. நீங்கள் சொல்கிற கணக்கில் அவரை எங்கே வைப்பார்கள்? அவருக்கு ஆயுள் ஜீன் இல்லை என்று எழுதிவிடுவார்களா?

காலடிப்பேட்டை

உங்கள் அப்பாவுக்கு அஞ்சலி. நீங்கள் கேட்டது இந்த விஷயத்தின் மையமான கேள்வி, ஆராய்ச்சிக்காரர்களே இதைச் சரியாகக் கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். நல்ல மரத்தில் செய்த படகு பத்து, மட்டமான மரத்தில் செய்த படகு பத்து, இருபதும் ஒரே நாளில் கடலுக்குப் போகின்றன. முதல் வருடமே பெரிய புயலில் பதினைந்து படகு உடைந்துவிட்டால், எந்த மரம் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்கள் சொல்ல முடியாது. உடைந்ததில் நல்ல மரமும் இருக்கும். மரத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை என்றுகூடக் கணக்கு காட்டும். புயல் அடிக்காத கடலில் முப்பது வருடம் விட்டுப் பார்த்தால்தான் மரத்தின் தரம் தெரியும்.

1870-இல் டென்மார்க்கில் பிறந்தவர்கள் காலத்தில் ஆன்டிபயாட்டிக் கிடையாது. காசநோய், நிமோனியா, பிரசவச் சாவு, விபத்து என்று வெளியிலிருந்து வந்த சாவு ஏராளம். அதையும் உடம்பு தானாகத் தேய்ந்து வந்த சாவையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கித்தான் கால்பங்கு என்றார்கள். 2026 ஜனவரியில் சயன்ஸ் இதழில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வு ஒன்று வந்தது. டென்மார்க், ஸ்வீடன் இரட்டையர் விவரங்களையே எடுத்து, வெளியிலிருந்து வந்த சாவுகளின் பங்கைக் கணக்குப்படி கழித்துப் பார்த்தார்கள். மரபின் பங்கு கிட்டத்தட்ட 50 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இது ஒரு மாதிரிக் கணக்குதான், இதன் மேல் விவாதம் நடக்கும், நடக்கட்டும். எனக்கு இந்த வாதம் சரியாகப் படுகிறது. உங்கள் அப்பாவின் சாவு அவர் ஜீனைப் பற்றி எதையும் சொல்லவில்லை, அன்றைய காற்றைப் பற்றித்தான் சொல்கிறது.

விசைப்படகு

நன்றி சார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

எண்ணூர் முகத்துவாரம்

நான் இந்த இழையை ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஆறவில்லை, எழுதியே ஆகவேண்டும்.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் இறங்கி, இடுப்பளவு ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் நனைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் கறுப்பாகப் படர்ந்தது, எங்கள் ஆட்கள் வாளியிலும் டப்பாவிலும் கையால் அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. என் சின்னப் பெண்ணை ஈரத்துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், கண்ணைத் திறக்க முடியவில்லை, எதிரில் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயுசு ஜீன்லதான் இருக்கு என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. நாளைக்கு ஒருவர் வந்து, உங்க வம்சத்துக்கே ஆயுசு கம்மி, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும் என்று கேட்பார். படகுக் கதையை நான் ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் தினமும் புயலில்தான் இருக்கிறோம்.

இன்னொன்று. பீடி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சென்னையிலும் விழுப்புரம் பக்கமும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, புகை பிடித்தாரா என்று கேட்டு, உயிரோடு இருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். புகை பிடித்தவர்கள் காசநோயில் சாவது மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். நாட்டில் காசநோயில் சாகிற ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று கணக்குப் போட்டார்கள். என் மாமனார் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் தலையணைக்கு அடியில் பீடிக்கட்டு வைத்திருந்தார். அவர் அண்ணன் பீடி தொட்டதில்லை, எண்பத்தாறு வரை இருந்தார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கல்மண்டபம்

எண்ணூர் அண்ணா, நீங்கள் சொல்வதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஜீன் என்று சொல்லி யாரையும் தப்பிக்க விடுவதற்காக இதை ஆரம்பிக்கவில்லை. என் பயம் என் வீட்டுக்குள் இருக்கிற பயம்.

யோசித்துப் பார்த்தால் ஆயாவோடு சேர்த்துக் கூடப்பிறந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மூன்று பேர் தொண்ணூறைத் தாண்டினார்கள் என்று எழுதினேன், மற்ற ஆறு பேரைப் பற்றி எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டேன். நான்கு பேர் ஐந்து வயதுக்குள் போயிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஒரே வாரத்தில், வாந்திபேதியில். ஒரு அக்கா முதல் பிரசவத்தில். ஒரு அண்ணன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து. வம்சம் கெட்டி என்று சொல்லும்போது இவர்கள் யாருமே கணக்கில் வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை டீச்சர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆயாவுக்கு நூறு என்பதற்கு என்ன ஆதாரம்?

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையாண்டவள் நான். அந்தக் காலத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், பிறந்த தேதி தெரியாது, கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஆசிரியரே ஒரு தேதி போட்டுவிடுவார். ஜூனில் பள்ளி திறப்பதால் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள் பாடு இன்னும் மோசம், ரேஷன் அட்டைக்கு ஆள் வந்து கேட்கும்போது வாயில் வந்ததைச் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாருங்கள், அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழு எண்ணில் வந்து குவிந்திருக்கும், அறுபத்தொன்றில் ஆளே இருக்காது. பிறப்பு இறப்பைப் பதிவது நாடு முழுவதற்கும் ஒரே சட்டமானது 1969-இல்தான்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. ஜப்பானில் 2010-இல் குடும்பப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது நூறு தாண்டியவர்களாகக் காட்டப்பட்ட 2,30,000-க்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்றே தெரியவில்லை, பலர் எப்போதோ இறந்திருந்தார்கள், யாரும் பெயரை அடிக்கவில்லை. டோக்கியோவில் 111 வயது என்று ஒருவரை வாழ்த்த அதிகாரிகள் முயன்றபோது, கடைசியில் போலீஸ் கண்டது முப்பது வருடத்துக்கு முன்பே இறந்தவரின் உடலை. அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகப் பிறப்புச் சான்றிதழ் வர வர, 110 வயதைத் தாண்டியவர்கள் என்று பதிவாகும் எண்ணிக்கை 69-இலிருந்து 82 சதவீதம் வரை விழுந்தது என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டினார். வயதே தப்பு என்றால், அந்த வயதுக்காரர்களின் ஜீனைத் தேடிக் கிடைப்பது என்ன?

உங்கள் ஆயா கிறிஸ்தவர் என்பதால் வழி இருக்கிறது. பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். ஃபாதரிடம் கேளுங்கள். ஆயாவின் அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர் இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் இறந்துபோன அக்காவின் பெயரையே அடுத்த பெண்ணுக்கும் வைப்பார்கள். பிரான்ஸில் 122 வருடமும் 164 நாளும் வாழ்ந்த ழான் கல்மாவை உலகம் நம்பியதே அவர் பிறந்த ஆர்ல் நகரத்தின் பதிவேடுகளை வைத்துத்தான். அதையும் 2018-இல் ரஷ்யாவிலிருந்து ஒருவர், அது அம்மா இல்லை, அம்மாவின் பெயரில் வாழ்ந்த மகள் என்று கிளப்ப, பிரெஞ்சு ஆய்வாளர்கள் திரும்பவும் ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பெரம்பூர் 29சி

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் தெரு மூன்று பேரில் ஒருவருக்கு ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஒன்பது வருடம் வித்தியாசம்.

சரி, ஆனால் ஆயுள் ஜீன் என்று ஒன்று உண்மையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களா இல்லையா?

காலடிப்பேட்டை

ஆயுளுக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. புழுவில் உண்டு: 1993-இல் சிந்தியா கென்யன் மண்ணில் வாழும் ஒரு சின்ன உருளைப்புழு வகையில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவை மாற்றி ஆயுளை இரட்டிப்பாக்கினார். மனிதனில் அப்படி ஒற்றைச் சாவி எதுவும் அகப்படவில்லை. முப்பது வருடமாகத் தேடி, நாடு நாடாக ஒப்பிட்டும் தாக்குப்பிடித்து நிற்பது முக்கியமாக ஏபிஓஈ என்கிற மரபணு. கொழுப்பை ரத்தத்தில் தூக்கிக்கொண்டு போகிற புரதத்துக்கான மரபணு. அதில் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. ஈ4 இருந்தால் மறதிநோயும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடும். 1994-லேயே பிரான்ஸில் நூறு வயதுக்காரர்களைப் பார்த்தபோது அவர்களிடம் ஈ4 குறைவாகவும் ஈ2 கூடுதலாகவும் இருந்தது. ஈ4 நீண்ட ஆயுளைத் தடுக்கிறது என்று சொல்வதைவிட, ஈ4 வைத்திருந்தவர்களில் நிறையப் பேர் அந்த வயது வரை வந்து சேரவில்லை என்று சொல்வது சரி. அடுத்து ஃபாக்ஸ்ஓ3 என்ற மரபணு. 2008-இல் ஹவாயில் குடியேறிய ஜப்பானிய வம்சத்து ஆண்களிடம் பார்த்தார்கள், அடுத்த வருடம் ஜெர்மனியிலும் தெரிந்தது. இதன் பலன் சிறியது.

மற்றதெல்லாம் ஆயிரம் சின்னச் சின்ன வித்தியாசங்களின் கூட்டல் கழித்தல். இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2010-இல் அமெரிக்காவில், ஒருவரின் மரபணுத் தொகுப்பில் 150 இடங்களைப் பார்த்தால் அவர் நூறு வயதைத் தொடுவாரா என்று 77 சதவீதம் சரியாகச் சொல்லலாம் என்று ஒரு கட்டுரை சயன்ஸில் வந்து உலகமே பேசியது. மரபணு வாசிக்கப் பயன்படுத்திய சில்லில் பிழை இருந்தது தெரிந்து அடுத்த வருடமே திரும்பப் பெற்றார்கள். எச்சில் குழாய் விளம்பரக்காரர்கள் சொல்கிற "உங்கள் ஆயுள்" இதைவிடப் பலமான அஸ்திவாரத்தில் நிற்கவில்லை. தம்பி, அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. மரியா பிரான்யாஸ் என்ற ஸ்பெயின் பாட்டி 117 வயதில் 2024 ஆகஸ்டில் இறந்தார். சாகும் முன் ரத்தம், எச்சில் எல்லாம் கொடுத்து, தன்னை நன்றாகப் படியுங்கள் என்று மருத்துவர்களிடம் சொல்லியிருந்தார். குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் நீளமாக இருந்தால்தான் ஆயுள் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். பாட்டிக்கு அது மிகமிகக் குட்டையாக இருந்தது. வயது ஏறின அடையாளங்கள் எல்லாம் இருந்தன, நோய் மட்டும் இல்லை. இதயத்தையும் மூளையையும் காக்கிற மரபணு வகைகளும், வயிற்றில் இளம் வயதுக்காரர்களுக்கு இருப்பது போன்ற நுண்ணுயிர்க் கூட்டமும் இருந்தன. தினமும் மூன்று வேளை தயிர் சாப்பிட்டாராம். தயிரால் 117 வந்தது என்று நான் சொல்லவில்லை!

ஏழாம் வார்டு சிஸ்டர்

நான் இதயப் பிரிவில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கல்மண்டபம் சகோதரரே, எல்லோரும் ஆயாவைப் பற்றியே பேசுகிறோம், நீங்கள் முதல் பதிவில் எழுதிய மற்றொரு பக்கத்தை யாரும் தொடவில்லை. தாத்தா 52, பெரியப்பா 49, அப்பா 56, மூன்றும் திடீர்ச் சாவு. என் கண்ணுக்கு ஆயாவின் நூறைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நூறு வரை வாழ வைப்பது ஆயிரம் சின்ன ஜீன்கள் என்று சார் சொன்னார். ஆனால் ஐம்பதில் கொண்டுபோவதற்கு ஒரே ஜீன் போதும். எம்ஒய்பிபிசி3 என்று ஒன்று இருக்கிறது, இதயத் தசை சுருங்கி விரிய உதவுகிற புரதத்துக்கானது. அதில் 25 எழுத்து விடுபட்டுப்போன ஒரு வகை நம் துணைக்கண்டத்தில் கிட்டத்தட்ட 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அதாவது இருபத்தைந்து பேருக்கு ஒருவர். 2009-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு அது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்த தண்டபாணியும் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அதில் முக்கியமானவர்கள், நம் ஆட்கள். இளம் வயதில் ஒன்றும் தெரியாது, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்று, நாற்பத்தைந்து வாக்கில்தான் இதயம் தளர ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்த பிறகு தொந்தரவு செய்கிற ஜீனை இயற்கை வடிகட்டுவதில்லை, அதனால்தான் இத்தனை ஆயிரம் வருடமாக நம்மோடு வருகிறது. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் பாதிப்பு சீக்கிரமே வரும், கடுமையாகவும் இருக்கும். இது இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது இதுதான் என்று நான் சொல்லவே இல்லை. சாதாரண அடைப்பாக இருக்கலாம், லிப்போபுரோட்டீன் ஏ என்கிற கொழுப்பு அதிகமாக இருக்கலாம், அதன் அளவும் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பது, நம் மக்களிடம் கூடுதல். வாழ்நாளில் ஒரு தடவை அந்த ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். அதோடு நீங்களும் அண்ணனும் ஒரு இசிஜி, ஒரு எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்து, டாக்டரிடம் மூன்று பேரின் வயதையும் எழுதிக் கொடுங்கள். "மார்வலியில் போனார்" என்று வாயால் சொன்னால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், தாளில் எழுதிக் கொடுங்கள்.

புளியந்தோப்பு

சிஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள். இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஜீனை மாற்ற முடியுமா? என் மச்சான் இப்படித்தான் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு, அன்றிலிருந்து மாடிப்படி ஏறவே பயப்படுகிறான். தலையெழுத்து என்று விட்டுவிட்டால் நிம்மதியாவது மிஞ்சும்.

ஏழாம் வார்டு சிஸ்டர்

ஜீனை மாற்ற முடியாது, ஆனால் இதயத்துக்கு மாத்திரை இருக்கிறது, ரத்த அழுத்தத்தை இறக்கலாம், துடிப்பு தப்பினால் சரிசெய்யும் கருவியை நெஞ்சில் வைக்கலாம். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேரின் அப்பாவும் சித்தப்பாவும் இதே மாதிரிப் போயிருப்பார்கள் தெரியுமா, ஒருவர்கூட அதற்கு முன் ஒரு இசிஜி எடுத்திருக்க மாட்டார். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்தம்மாவிடம் தலையெழுத்து என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் மச்சானையும் பயத்தோடு தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு ஏறலாம் என்று கேளுங்கள்.

கல்மண்டபம்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டீச்சர் சொன்னபடி கோயில் அலுவலகத்துக்குப் போனேன். ஃபாதர் மூன்று பெரிய பதிவேடுகளை எடுத்துப் போட்டார். தாள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, மை பழுப்பாகிவிட்டது, பெயர்களெல்லாம் லத்தீன் மாதிரி எழுதப்பட்டிருந்தன. ரேஷன் அட்டையில் இருக்கிற 1926-இல் ஆயாவின் பெயரிலேயே ஒரு குழந்தை இருந்தது, அப்பா அம்மா பெயரும் அதேதான். ஆனால் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. ஒன்றரை வயதில் இறந்துபோன அக்கா. அம்மாவுக்கே அப்படி ஒருவர் இருந்தது தெரியாது, ஒன்பது பேர் என்று எழுதினேனே, பத்துப் பேர். எங்கள் ஆயா 1929-இல் இருந்தார், ஞானத்தாய் பெயர் அம்மா சொன்ன அதே அத்தைப் பாட்டி. ஆக, அடுத்த ஈஸ்டருக்கு நூறு இல்லை. மூன்று வருடம் குறைகிறது.

வீட்டில் சொன்னபோது மாமாவுக்கு முகம் வாடிவிட்டது, மண்டபம் பார்த்து வைத்திருந்தார். ஆயாவிடம் காதருகே போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது பேர எனக்கு வச்சாங்கன்னு எங்கம்மா ஒரு தபா சொல்லுச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தக் குழந்தைக்காக ஒரு செபக் கருத்து கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறோம்.

சிஸ்டர், செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கும் எனக்கும் எக்கோ. அண்ணன் முதலில் வரமாட்டேன் என்றான், நைனா டம்ளரைக் கையில் பிடித்திருந்த அன்றைக்கு அவன்தான் பக்கத்தில் இருந்தவன். அண்ணி பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

ஏழாம் வார்டு சிஸ்டர்

நல்லது. அப்பாவின் பழைய இசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள், மங்கியிருந்தாலும் பரவாயில்லை. அண்ணன் பையனுக்கு எத்தனை வயது?

கல்மண்டபம்

பதினேழு. ஃபுட்பால் ஆடுகிறான். அவனையும் கூட்டிக்கொண்டு போகிறோம். நைனாவின் தாள்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தன, ஒரு இசிஜி இருக்கிறது, கோடு பாதி மங்கிவிட்டது. பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.